ரோமுக்குப் போகாத ஞாயிறு

பரிசு விழுந்திருக்கிறது என்று போனில் சொன்னவனை நான் முதலில் நன்றாகத் திட்டிவிட்டேன். அந்த வருஷங்களில் பஹ்ரைனில் அப்படி ஏமாற்றுகிற கூட்டம் ஒன்று கிளம்பியிருந்தது. உங்கள் நம்பருக்கு லாட்டரி விழுந்திருக்கிறது, போன் கார்டு வாங்கி அதன் நம்பரைச் சொல்லுங்கள் என்பார்கள். இவனும் அதே இந்தியில்தான் ஆரம்பித்தான். டியூட்டி நேரத்தில் கூப்பிடுகிறாயே, உனக்கு வேறு வேலையே இல்லையா என்று கேட்டு வைத்துவிட்டேன். அவன் விடாமல் கூப்பிட்டான். கடைசியில், நான் எந்த சூப்பர்மார்க்கெட்டில் அரிசி மூட்டையும் சோப்புத்தூளும் வாங்கிவிட்டுக் கூப்பனை எழுதிப் பெட்டிக்குள் போட்டேன் என்பதை அவனே சொன்னான். கூப்பனில் இருந்த என் கையெழுத்தை டாக்டர் கையெழுத்து என்று நினைத்தானாம், நீங்கள் நர்ஸா என்று வேறு கேட்டான். அப்போதுதான் நம்பினேன். வார்டில் நின்றபடியே ஒரு சத்தம் போட்டேன். என்னவோ ஏதோ என்று வரிசையாக எல்லா நோயாளிகளும் பெல் அடித்தார்கள்.

விழுந்தது இரண்டு பேருக்கான கப்பல் சுற்றுலா. விமானத்தில் பார்சிலோனா போய், அங்கே கப்பல் ஏறி, மத்தியதரைக் கடலை ஒரு வாரம் சுற்றிவிட்டு அங்கேயே இறங்க வேண்டும். நான் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. எங்கள் சித்தப்பா தோணியில் மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிக்கொண்டு போவார். கப்பலில் போவது என்றால் எங்கள் குடும்பத்துக்கு அதுதான். வேலை ஒன்றும் செய்யாமல், மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்காகக் கப்பல் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதைச் சித்தப்பா கடைசிவரை நம்பவில்லை.

என் வீட்டுக்காரர் அப்போது அபுதாபிக்கு மேற்கே ருவைஸில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் டெக்னீஷியன். அவர் அங்கே கேம்பில். நானும் பிள்ளைகள் இரண்டு பேரும் பஹ்ரைனில், குதைபியாவில் ஒரு சின்ன பிளாட்டில். லீவு கிடைக்கிறபோது அவர் பறந்து வருவார். வந்த மறுநாளே குழாயையும் ஃபேனையும் கழற்றிப் போட்டு ரிப்பேர் செய்வார். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, இந்த வருஷம் ஷட்டவுன் எந்த மாசம் என்பதுதான். ஷட்டவுன் என்றால் ஆலையை நிறுத்திவிட்டு மொத்தமாகப் பராமரிப்பு பார்க்கிற காலம். அப்போது யாருக்கும் லீவு கிடையாது. எந்த வால்வை யார் எப்போது கழற்றுவது, அடுத்தது எது என்று மாசக்கணக்கில் உட்கார்ந்து திட்டம் போடுவார்கள். அந்த வேலை அவருடைய ரத்தத்தில் ஊறிவிட்டது. எங்கள் கல்யாண நாளுக்கு ஹோட்டலில் சாப்பிடப் போவதென்றாலும் அவரிடம் ஒரு திட்டம் இருக்கும்.

கப்பல்காரர்கள் வழவழப்பான ஒரு புத்தகம் அனுப்பினார்கள். கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கும், அங்கே இறங்கி ஒரு பகலுக்குள் எங்கெல்லாம் போய்வரலாம் என்று படத்தோடு போட்டிருந்தது. இத்தாலியில் ஒரே ஒரு நிறுத்தம்தான். சிவிட்டவெக்கியா. அந்தப் பெயரைப் படித்துவிட்டு இது எங்கே கிடக்கிறது என்று பார்த்தால், ரோமுக்கான துறைமுகமே அதுதானாம். காலையில் இறங்கி சாயங்காலம் ஏறிவிட வேண்டும். ஏறாதவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது என்று தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.

அந்தப் பக்கத்தின் மூலையை உடனே மடித்து வைத்தேன். ரோமுக்காக இல்லை. சிவிட்டவெக்கியாவிலிருந்து கொஞ்ச நேர ரயில் தூரத்தில், ஒரு மலையூரில் என் தங்கச்சி இருந்தாள்.

அவள் கன்னியாஸ்திரீ. பள்ளிக்கூடம் முடித்ததும் மடத்தில் சேர்ந்தாள். பயிற்சிக்கென்று இத்தாலிக்கு அனுப்பினார்கள். அங்கேயே துறவற வார்த்தைப்பாடு கொடுத்து, அங்கேயே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விமானம் ஏறியபோது நான் பஹ்ரைனில். அதற்குப் பிறகு அவளுக்கு ஊருக்கு வர அனுமதி கிடைத்தால் எனக்கு லீவு கிடைக்காது. எனக்கு லீவு கிடைத்தால் அவளுக்கு அனுமதி வராது. அம்மா ஒரு மகளை வழியனுப்பிவிட்டு வந்து இன்னொரு மகளுக்கு மீன் வாங்குவாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அந்த வீட்டுக்குள் நின்று வருஷக்கணக்காகிவிட்டது. பாவாடை தாவணியில் ஒல்லிக்குச்சியாக இருந்தவள்தான் என் மனசில் இருந்தாள்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். கப்பல், பரிசு, பார்சிலோனா எதுவும் அவள் காதில் ஏறவில்லை. கப்பல் நிற்பது தங்கச்சிக்குப் பக்கத்து ஊரில் என்பது மட்டும் ஏறியது.

"போன்ல எல்லாரும் நல்லாத்தான் இருப்பாவ," என்றாள் அம்மா. "நீ அவ மூஞ்சியப் பாத்துட்டு வந்து சொல்லு. நல்லா இருக்காளா, இல்ல நல்லா இருக்கேன்னு சும்மா சொல்லுதாளான்னு."

இப்படியாக எனக்கு ஒரு வேலை வந்தது. ஆனால் ஊரே வேறு ஒரு வேலையை எங்களுக்கு ஒதுக்கியிருந்தது. வெள்ளிக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், தமிழ்க்கூட்டம் மொத்தமும் என்னைச் சூழ்ந்துகொள்ளும். ரோமில் எந்தக் கோவிலுக்கு முதலில் போக வேண்டும், எந்த வரிசையில் நின்றால் சீக்கிரம் உள்ளே விடுவார்கள், ஜன்னலில் பாப்பரசர் தெரிகிற நேரத்தில் எந்தத் தூண் பக்கம் நிற்க வேண்டும் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவரும் ரோமைப் பார்த்ததில்லை. எல்லாரும் ஜெபமாலை வாங்கிக் கொடுத்தார்கள். பாப்பரசர் கையை உயர்த்தி ஆசீர்வதிக்கிற நேரத்தில் பையைத் திறந்து பிடித்தால் மொத்தமாக மந்திரித்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. பயணம் கிளம்பியதிலிருந்து என் வீட்டுக்காரர் அந்தப் பையை எங்கே போனாலும் விடாமல் தூக்கிக்கொண்டு திரிந்தார். அவர் நடந்தாலே கலகலவென்று சத்தம் கேட்கும்.

அவருக்கு ரோம் சும்மா ஊர் இல்லை. சின்ன வயசில் பலிபீடச் சிறுவனாக இருந்தபோதே, பேதுரு என்கிற ராயப்பருடைய கல்லறைக்கு முன்னால் ஒருநாள் முழங்கால் போடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவராம். அவர் வாய் திறந்து ரோமுக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லவில்லை. நானும் தங்கச்சியைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. இரண்டு பேரும் பெருந்தன்மையாக இருக்கிறோம் என்ற நினைப்பில் போனிலேயே ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தோம்.

எதிர் பிளாட்டில் யாழ்ப்பாணத்துக்காரி ஒருத்தி. ஒரு கம்பெனியில் கணக்கு பார்த்தாள். எங்கள் பிள்ளைகள் ஈசா டவுன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் முதலில் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். ஒரு வாரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள உடனே ஒப்புக்கொண்டாள். ஆனால் நான் ரோமுக்குப் போகாமலும் இருந்துவிடலாம் என்று சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு விசரே, அக்கா? ரோமுக்குக் கிட்டப் போயிட்டு ரோமைப் பாக்காமல் வாறதோ?"

அன்றைக்கே என் வீட்டுக்காரர் ருவைஸிலிருந்து போன் செய்து, இரண்டையும் பார்த்துவிடலாம், திட்டம் போட்டுவிட்டேன் என்றார். காலையில் ரோம், மதியம் தங்கச்சி, சாயங்காலம் கப்பல். ஷட்டவுன் கணக்கில் ஒவ்வொன்றுக்கும் நேரம் ஒதுக்கியிருந்தார். அதன்படி ராயப்பர் கல்லறை முன்னால் அவர் முழங்கால் போடலாம், ஆனால் எழுந்திருக்க நேரமில்லை. என் தங்கச்சியை நான் ஓடிக்கொண்டே கட்டிப்பிடிக்க வேண்டும். படித்துக் காட்டி முடித்தபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

முடிவு கப்பலில்தான் ஆனது. அந்தக் கப்பலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். ஐந்து விதமான தர்ப்பூசணி இருந்தது, அதில் ஒன்றை அன்னப்பறவையாகச் செதுக்கியிருந்தார்கள், அதற்குமேல் சொல்லவில்லை. சிவிட்டவெக்கியாவுக்கு முந்தின நாள் மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தோம். என் தட்டில் கேக். அவர் தட்டிலும் கேக். ரோம் பஸ்ஸுக்குப் பதிவு செய்கிற கவுண்டரை இன்னும் கொஞ்ச நேரத்தில் மூடிவிடுவார்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

"ரோம் அங்கயேதான் கெடக்கும்," என்றார். "ஒன் தங்கச்சிய எந்த ஊருக்கு மாத்துவாங்களோ, யாருக்குத் தெரியும்."

கவுண்டர் மூடுகிறவரை அவர் கேக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனுஷனை நான் கட்டிக்கொண்டதில் எனக்கு அன்றைக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. அதைச் சொன்னால் கேக்கைக் கூட ரிப்பேர் பார்க்க ஆரம்பித்துவிடுவார் என்று சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் தங்கச்சிக்குப் பிடித்த மாம்பழக் கலர் பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். கையில் ஒரு தகர டப்பா. அதில் தூத்துக்குடி மக்ரூன். ஊரிலிருந்து லீவு முடிந்து வந்த ஒருத்தியிடம் சொல்லி வரவழைத்து, பிள்ளைகள் கண்ணில் படாமல் துணி அலமாரியில் ஒளித்து வைத்து, ஒன்றும் உடையாமல் இத்தாலிவரை கொண்டுவந்துவிட்டேன். முந்திரியும் முட்டையும் சீனியும் சேர்ந்த அந்தப் பலகாரம் பலமாகத் தும்மினாலே உடையும்.

கப்பலில் இருந்து இறங்கிய எல்லாரும் ரோம் பஸ்களைப் பார்த்து நடந்தார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் எதிர்ப்பக்கம் நடந்தோம். ரயில் சொன்ன நேரத்துக்கு வந்தது. மலையடிவாரத்து ஸ்டேஷனில் இறங்கினோம். அங்கிருந்து மேலே ஊருக்குப் பஸ். அதற்கான அட்டவணையை என் வீட்டுக்காரர் கேம்பிலேயே இன்டர்நெட்டில் தேடி அச்செடுத்து வைத்திருந்தார். தங்கச்சியிடம் போனில் பஸ் நேரத்தைக்கூடச் சொல்லியாகிவிட்டது. அவள் சரி சரி என்றாள். அவள் ஞாயிற்றுக்கிழமையில் ஒருநாளும் பஸ் ஏறியதில்லை என்பது எங்களுக்குத் தெரியாது.

பஸ் வரவில்லை. பஸ் மட்டுமில்லை, யாருமே வரவில்லை. கடைகள் எல்லாம் ஷட்டரை இறக்கியிருந்தன. ஒரு பூனை ரோட்டை நிதானமாகக் கடந்துபோனது. மலைமேல் ஊர் தெரிந்தது. கோவில் மணி அடிக்கிற சத்தம்கூடக் கேட்டது. என் வீட்டுக்காரர் அட்டவணையை மடக்கினார், விரித்தார். அதில் சில பஸ்களுக்கு இரண்டு சுத்தியல் குறுக்காகப் போட்டிருந்தது. சிலவற்றுக்குச் சிலுவை அடையாளம். சுத்தியல் என்றால் வேலைநாள் பஸ் என்று அவர் யாரிடமோ கேட்டு உறுதி செய்து வைத்திருந்தார். அது சரிதான். சிலுவை போட்டது மிகக் குறைச்சல். அது பண்டிகை நாளுக்காக இருக்கும், நமக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டாராம்.

ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு காப்பிக் கடை மட்டும் திறந்திருந்தது. கடைக்காரர் அட்டவணையை வாங்கிப் பார்த்தார். சுத்தியலைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினார், இல்லை என்று. சிலுவையைத் தொட்டார். பிறகு வானத்தைக் காட்டினார். பிறகு தன் கோட்டைக் காட்டினார், பூசைக்குப் போகிற கோட்டு. எனக்கு மெதுவாக உறைக்க ஆரம்பித்தது.

"என்னங்க, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை."

"ஆமா. அதான் சுத்தியல் போட்ட பஸ்ஸு வரணும்."

"ஞாயித்துக்கிழமைங்க."

"தெரியுதுட்டி, ஞாயித்துக்கிழ..." என்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

வளைகுடாவில் எங்களுக்கு லீவு வெள்ளிக்கிழமை. பூசை வெள்ளிக்கிழமை. பிரியாணி வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை என்றால் விடியற்காலையில் கேம்ப் பஸ் ஏறுகிற நாள், பிள்ளைகளை அடித்து எழுப்புகிற நாள். ஞாயிறு அன்று ஓர் ஊர் மூடிக் கிடக்கும் என்பதே எங்கள் ஞாபகத்தில் இல்லை. ஞாயிறு கடன் திருநாள், அன்று வேலை செய்யலாகாது என்று ஞானோபதேச வகுப்பில் பிரம்படி வாங்கிப் படித்த இரண்டு பேர், ரோமுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, சுத்தியல் போட்ட பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கவலைப்பட வேண்டிய நேரத்தில் சிரிக்கிறாயே என்று அவர் கோபமாக ஆரம்பித்தார், பாதி வாக்கியத்தில் அவரும் சிரிக்கத் தொடங்கிவிட்டார். கடைக்காரர் எங்களுக்கு இரண்டு காப்பி கொடுத்தார். விரல் அளவு கப். என் வீட்டுக்காரர் அதை மருந்து குடிப்பதுபோல ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வர, நடந்தே போகலாம் என்றார்.

நடக்கிற தூரமா அது. பட்டுப்புடவையும் ஹீல்ஸ் செருப்புமாக முதல் வளைவுவரை போனேன். அதற்குள் சிரிப்பு நின்று பயம் வந்துவிட்டது. இப்படியே திரும்பிப் போனால் அம்மாவுக்கு என்ன சொல்வேன். மூஞ்சியைப் பார்த்துவிட்டு வா என்றவளிடம், மலையைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றா சொல்வது.

அப்போதுதான் கீழேயிருந்து ஒரு லோடு ஆட்டோ வந்தது. நம்மூரில் தண்ணீர்க் கேன் ஏற்றிக்கொண்டு ஓடுமே, அதே மூன்று சக்கர வண்டி. அதே சத்தம். ஓட்டி வந்தவர் கோட்டும் டையும் தொப்பியும் போட்ட பெரியவர். நான் நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் நீட்டி மறித்தேன். மலையூரின் பெயரைச் சொன்னேன். புரியவில்லை. சிஸ்டர் என்றேன். புரியவில்லை. முந்தானையை எடுத்துத் தலையில் முக்காடாகப் போட்டு, நெஞ்சில் சிலுவை போட்டு, வயசானவர்களுக்குச் சோறு ஊட்டுவதுபோல நடித்துக் காட்டினேன். பெரியவர் முகம் மலர்ந்தது. தொப்பியைக் கழற்றி, என்னை முன்னால் தன் பக்கத்தில் ஏறச் சொன்னார். என் வீட்டுக்காரருக்குப் பின்னால் காலிப் பெட்டிகளுக்கு நடுவில் இடம் கிடைத்தது. மக்ரூன் டப்பாவும் அவரிடம்தான்.

அந்த மாதிரி ஒரு சவாரி என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பெரியவர் பூசைக்கு நேரமாகிவிட்டது என்ற வேகத்தில் ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஒருபக்கமாகச் சாயும். பின்னாலிருந்து ஜெபமாலைப் பை கலகலக்கும், அதோடு சேர்ந்து மாதாவே மாதாவே என்று ஒரு குரலும் கேட்கும். பெரியவர் அடிக்கடி முழுசாகத் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்து ஏதோ விசாரிப்பார். அவர் ரோட்டைப் பார் ரோட்டைப் பார் என்று தமிழில் கத்துவார். நான் புடவையை வாயில் கடித்துக்கொண்டு சிரித்தேன். ருவைஸில் பாதுகாப்புப் பெல்ட் போடாமல் ஏணியில்கூட ஏறாத மனுஷர்.

பெரியவர் எங்களை முதியோர் இல்லத்து வாசலிலேயே இறக்கிவிட்டார். மணிக்கட்டைத் தொட்டுக் காட்டி, கீழே கை காட்டி, மதியம் தானே வந்து எங்களைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் விடுவதாகச் சொன்னார். மணியை அடித்தேன். கதவு திறந்தது.

திறந்தவள் குண்டாக இருந்தாள். கன்னமெல்லாம் உப்பி, அங்கியின் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டுக்கொண்டு, ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றாள். என் ஒல்லிக்குச்சித் தங்கச்சி. நான் அழலாம் என்று வாயைத் திறந்தேன்.

"எக்கா, ஒரு நிமிசம் நில்லு. ஒரு ஆள பாத்ரூம்ல உக்கார வச்சிட்டு வந்திருக்கேன்," என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

எத்தனை வருஷத்துக்கு அப்புறம் பார்க்கிற அக்காவிடம் பேசுகிற முதல் வார்த்தை அது. எனக்கு ஒரு கோபமும் வரவில்லை. நான் நர்ஸ். பாத்ரூமில் உட்கார வைத்த ஆளைத் தனியாக விட்டுவிட்டு வாசலில் நின்று அழுதிருந்தால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும். புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு, கை கழுவுகிற இடம் எங்கே என்று தேடிப் போனேன்.

ஞாயிறு என்பதால் உதவிக்கு வருகிற பெண்கள் பாதிப்பேர் லீவு. மற்ற சிஸ்டர்கள் பூசைக்கு வர முடிந்தவர்களைச் சக்கர நாற்காலியில் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். எழுந்திருக்க முடியாதவர்களோடு என் தங்கச்சி. இரண்டு பேருமாகப் படுக்கைகளுக்கு விரிப்பு மாற்றினோம். ஒரு பாட்டியை அந்தப் பக்கம் அவள் தாங்க, இந்தப் பக்கம் நான் விரிப்பை உருவினேன். ஒன்று இரண்டு மூன்று என்று நாங்கள் எண்ணிக்கொள்ளவே இல்லை. அவள் எப்போது தூக்குவாள் என்று எனக்குத் தெரிந்தது. மூலையை மடிக்கிற விதம் மட்டும் வேறு. நீ மடிப்பது தப்பு என்றேன். நீ மடிப்பதுதான் தப்பு என்றாள். அப்படியே பேச்சு ஆரம்பித்தது. கட்டிப்பிடித்து அழுகிற காரியம் நடக்கவே இல்லை, கை இரண்டும் வேலையாக இருந்தது.

நான் கடைக்கண்ணால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நகத்தைப் பார்த்தேன், ரத்தம் நன்றாக இருக்கிறதா என்று. கொஞ்சம் ஏமாந்த நேரத்தில் அவள் கீழ்க்கண் இமையை இழுத்தும் பார்த்துவிட்டேன். கையில் ஒரு அடி போட்டாள். அவள் அந்த இல்லத்தில் நடந்த நடை இருக்கிறதே, அது எங்கள் ஊர் மீன் ஏலக்கூடத்தில் பெண்கள் நடக்கிற நடை. பாட்டிகளிடம் இத்தாலியில் கொஞ்சினாள். கோபம் வந்தால் மட்டும் அச்சு அசல் எங்கள் ஊர்த் தமிழ். வாயத் தொறட்டி, முழுங்கு, துப்பினேன்னா பாத்துக்கோ என்று அதட்டினாள். அவர்களும் சளைக்காமல் இத்தாலியில் திருப்பித் திட்டினார்கள். ரெண்டு பக்கமும் எல்லாம் புரிந்த மாதிரிதான் இருந்தது.

டப்பாவைத் திறந்தோம். மக்ரூன் ஒன்றுகூட முழுசாக இல்லை. அத்தனையும் மாவு. என் வீட்டுக்காரர் பெட்டிகளுக்கு நடுவில் விழுந்தபோது அதன்மேல்தான் விழுந்தாராம். தங்கச்சி ஒரு ஸ்பூனை எடுத்து வந்து, முதலில் தான் ஒரு வாய் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். பிறகு வரிசையாக ஒவ்வொரு பாட்டிக்கும் ஒரு ஸ்பூன். பல் இல்லாதவர்களுக்கு அதைவிடத் தோதான பலகாரம் உலகத்தில் இல்லை. ஜன்னலோரக் கட்டிலில் இருந்த ஒரு பாட்டி மெல்ல என் புடவையைத் தொட்டுப் பார்த்தாள். கையைக் காட்டி என்னைக் குனியச் சொன்னாள். நான் குனிந்தேன்.

"சாப்ட்டியா?" என்றாள்.

நான் நிமிர்ந்து தங்கச்சியைப் பார்த்தேன். அவள் சாதாரணமாக, அது தினம் கேட்கிறதுதான் என்றாள். காலையில் தங்கச்சி எல்லாரையும் கேட்பதைக் கேட்டு அந்தப் பாட்டி பிடித்துக்கொண்டாளாம். இப்போது டாக்டரைக்கூட அப்படித்தான் கேட்கிறாளாம். ஓரமாகப் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன். அம்மாவுக்குச் சொல்ல இதைவிட வேறு என்ன வேண்டும் என்று தோன்றியது.

என் வீட்டுக்காரர் அதற்குள் கோவிலுக்கு ஓடி, பூசை முடிந்து வெளியே வந்த சாமியாரைப் பிடித்து, ஜெபமாலைப் பையைத் திறந்து காட்டி மந்திரித்து வாங்கிவிட்டார். ஊரில் கேட்டால் இத்தாலியில் மந்திரித்தது என்று சொல்வேன், அது பொய்யா என்றார். திரும்பி வந்தவர் சும்மா இருக்கவில்லை. ஒரு சக்கர நாற்காலியின் சக்கரம் கிறீச்சிடுகிறது என்று அதைக் கவிழ்த்துப் போட்டுக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் நடைவழியில் போய் நின்றோம்.

"நல்லா இருக்கியா" என்று நேராகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளே சொன்னாள். இங்கே எல்லாரும் தன்னிடம் பிரியமாகத்தான் இருக்கிறார்கள், தமிழில் சண்டை போட ஆள் இல்லை, அது ஒன்றுதான் என்றாள். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். என்னட்டி செய்கிறாய் என்றேன்.

"அம்மா எங்கிட்டயும் சொல்லிருக்காவ. அக்கா வந்தா மூஞ்சியப் பாத்துச் சொல்லுன்னு."

நான் பார்க்கப் போனவள். என்னை யாரும் பார்ப்பார்கள் என்று நினைக்கவில்லை. நைட் டியூட்டி, பிள்ளைகளுடைய பரீட்சை, வேறொரு நாட்டில் கேம்பில் தூங்குகிற புருஷன், இதெல்லாம் முகத்தில் எழுதியிருக்குமா என்று அந்த நேரத்தில் பயந்தேன். என்ன பார்த்தாய் என்று கேட்டேன். உனக்குச் சொல்ல மாட்டேன், அம்மாவுக்குத்தான் சொல்வேன் என்றாள். நானும் உன்னைப் பற்றி அம்மாவுக்குத்தான் சொல்வேன் என்றேன். நடைவழிக் கோடியில் சுவரில் ஒரு போன் இருந்தது. மடத்துத் தலைவி மதரிடம் ஏற்கெனவே அனுமதி வாங்கி வைத்திருந்தாளாம். யார் முதலில் பேசுவது என்று இரண்டு பேரும் ஓடினோம். வயசென்ன வார்த்தைப்பாடென்ன. நம்பரைப் போடுவதற்குள் இரண்டு கிள்ளு, ஒரு முடி இழுப்பு எனக்குக் கிடைத்தது. அவளுக்கு இழுக்க முடி வெளியே தெரியாததால் முக்காட்டை இழுத்தேன்.

அம்மா எடுத்தாள். ரிசீவரை நடுவில் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் கன்னத்தோடு கன்னம் வைத்தோம். அம்மா, அவ குண்டாயிட்டா என்று நானும், அம்மா, இவ மூஞ்சியப் பாக்கணுமே என்று அவளும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தோம். லைன் கட் ஆகிவிட்டதோ என்று நான் மூன்று முறை கூப்பிட்டேன்.

"ரெண்டு பேரும் சேந்து பேசுதிய," என்றாள் அம்மா. குரல் வேறு மாதிரி இருந்தது. "எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசிக்கிட்டு இருங்க. நான் சும்மா கேட்டுக்கிட்டு இருக்கேன்."

பேசு என்று சொன்னதும் இரண்டு பேருக்கும் வாய் அடைத்துவிட்டது. பிறகு அவள்தான் ஆரம்பித்தாள், விரிப்பின் மூலையை நீ மடித்தது தப்பு என்று. உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று நான் கேட்டேன். அங்கிருந்து பள்ளிக்கூடத்தில் அவள் என் ஜாமெட்ரி பாக்ஸைத் தொலைத்ததற்குப் போனோம், பிறகு யார் பங்கு மீனை யார் தின்றது என்பதற்கு. வெளியே லோடு ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் கையெல்லாம் கிரீஸோடு வந்து கடிகாரத்தைக் காட்டினார். நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சண்டையைத் தொடர்ந்தேன். அம்மா நடுவில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் மட்டும் சிரித்தாள்.